பையிலேயே இருந்த கடிதம்

திருப்பதியிலிருந்து சத்தியவேடு போகும் பஸ்ஸில் எனக்கு முன் சீட்டில் ஒரு கணவனும் மனைவியும் இருந்தார்கள். அவள் மிகவும் பருமனான பெண். மடியில் ஆஸ்பத்திரி கவரை வைத்திருந்தாள். புத்தூர் தாண்டியதும் அவன் மெல்லச் சொன்னான்.

"இன்சூரன்ஸ்காரங்க முடியாதுன்னு சொல்லல வசந்தா. நான் கேக்கவே இல்ல."

"இன்னா சொல்ற? உடம்பு எளைக்கிற ஆபரேசனுக்குப் பணம் தரமாட்டாங்கன்னு நீதான சொன்ன?"

"பொய் சொன்னேன். டாக்டர் குடுத்த லெட்டரு என் பையிலயே கீது. ஸ்ரீ சிட்டில எங்க கம்பெனி ஆபீஸ்லதான் குடுக்கணும். கூட வேலை செய்றவங்க படிப்பாங்க. அதுல உன் வெயிட் போட்டுக்கீது."

"முட்டி வலியில நான் ஆறு மாசமா அழுதுக்கினு இருந்தேன். நீ பாத்துக்கினே இருந்தியா?"

அவன் ஜன்னல் பக்கம் திரும்பிக்கொண்டான்.

"ஊருதான் என்னப் பாத்து சிரிக்குதுன்னு நெனச்சேன். நீயும் வெக்கப்படறது தெரியாமப் போச்சு. லெட்டர எடு."

எடுத்துக் கொடுத்தான். அவள் முழுக்கப் படித்துவிட்டுத் தன் கவரில் வைத்துக்கொண்டாள்.

"நாளைக்கு உன்கூட வந்து நானே குடுக்கறேன்."

"எல்லாரும் பாப்பாங்களே."

"பாக்கட்டும். யாருன்னு கேட்டா, என் பொண்டாட்டின்னு சொல்லு."

"சொல்றேன்" என்றான். பின் சீட்டிலிருந்த எனக்கே அது சரியாகக் கேட்கவில்லை.