விசில் ரூம் யாருக்கு?

துயரத்தோடு கூடியிருக்கும் இந்த அவைக்குத் தலைமை ஏற்றிருக்கும் தலைமையாசிரியை அவர்களே! மேடையில் அமர்ந்திருக்கும் பெற்றோர் சங்கத் தலைவர் அவர்களே! என் சக ஆசிரியர்களே! பிள்ளைகளை மடியில் இருத்திக்கொண்டு கேட்கும் தாய்மார்களே, தந்தையரே! எல்லோருக்கும் வணக்கம்.

எனக்கு மேடைப்பேச்சு வராது. வகுப்பில்கூடக் கரும்பலகையைப் பார்த்துக்கொண்டு பாடம் நடத்துகிறவள் நான். இருந்தும் எழுந்து வந்ததற்கு ஒரு காரணம் இருக்கிறது. எனக்கு முன்னால் பேசியவர்கள், மறைந்த நம் விளையாட்டு ஆசிரியையை "ஏழைக் குழந்தைகளின் தாய்" என்று மாறி மாறிப் புகழ்ந்தார்கள். அவர் காதில் இது விழுந்திருந்தால் என்ன செய்திருப்பார்? கழுத்தில் தொங்கும் விசிலை எடுத்து ஊதி, பேச்சையே நிறுத்தியிருப்பார்!

ஏழைக் குழந்தைகளின் தாயாக அவர் ஒருநாளும் இருந்ததில்லை. இந்தப் பள்ளியில் படிக்கும் எல்லாப் பிள்ளைகளுக்கும் அவர் விசில் டீச்சர்.

ஓய்வு பெற்ற பிறகு, பந்துகளும் கிழிந்த வலைகளும் அடைந்து கிடந்த பின்பக்க அறையை ஒழித்துப் பெருக்கி, பாய் விரித்தார். பள்ளி மணி அடிப்பதற்கு முன்னால் வேலைக்குக் கிளம்பும் பெற்றோர் பிள்ளைகளை அங்கே விட்டுப் போகலாம். மாலையில் வேலை முடிந்து வந்து அழைத்துப் போகலாம். காசு கிடையாது. கேள்வி கிடையாது. ரப்பர் பந்து வாசம் கடைசிவரை போகாத அந்த அறைக்குப் பிள்ளைகள் வைத்த பெயர்தான் விசில் ரூம்.

அவரை மகான் ஆக்கிவிடாதீர்கள். சதுரங்கத்தில் கூசாமல் ஏமாற்றுவார்! "டீச்சர், குதிரை நேரா போவாது!" என்று பையன்கள் கையைப் பிடிப்பார்கள். "வயசான குதிரைடா, வளைய முடியல" என்பார்.

என் அம்மா மருத்துவமனையில் துணி வெளுக்கும் பிரிவில் வேலை பார்த்தார். விடிவதற்குள் போக வேண்டும். விசில் ரூம் தெரியவரும் வரை என்னை வீட்டுக்குள் வைத்து, வெளியே பூட்டிவிட்டுத்தான் போவார். முதன்முதலாக விசில் ரூம் வாசலுக்கு என்னை இழுத்துக்கொண்டு வந்தபோது, உள்ளே கால் வைக்கவே தயங்கினார்.

"இது யாருக்குங்க? எங்களை மாதிரி ஆளுங்களுக்கா?"

"இங்க படிக்கிற பிள்ளைங்களுக்கு. உங்க பொண்ணு படிக்குதா, இல்ல சும்மா பை தூக்கிட்டு வருதா?"

அம்மா உள்ளே எட்டிப் பார்த்தார். பாயில் ஒரு சிறுமி சம்மணமிட்டு ஷூ லேஸ் கட்டக் கற்றுக்கொண்டிருந்தாள். அம்மா வேலை பார்த்த மருத்துவமனை டாக்டரின் மகள் அவள். "டாக்டரம்மா பொண்ணும் இங்கதானா?" என்று கேட்டார். "ஆமா, அதுக்கும் லேஸ் கட்ட வரல." அம்மா என் கையை விட்டார். எங்கள் வீட்டுக் கதவு அதன் பிறகு என் மேல் பூட்டப்படவே இல்லை. நான் பட்டம் வாங்கிய கதை அந்தப் பாயில்தான் தொடங்கியது.

அன்பார்ந்தவர்களே! இதே மண்டபத்தில் சென்ற பருவத்தில் நடந்த பெற்றோர் கூட்டத்தை மறந்துவிட்டீர்களா? நான் மறக்கவில்லை.

சங்கத் தலைவர் எழுந்தார். "வசதி உள்ளவங்களுக்கு எதுக்குங்க சும்மா? இல்லாதவங்க சான்று காட்டட்டும், அவங்களுக்கு மட்டும் இலவசம். மத்தவங்க பணம் கட்டட்டும்" என்றார். கேட்க நியாயமாகத்தான் இருந்தது. பின்வரிசையிலிருந்து விசில் டீச்சர் கேட்டார்: "தலைவரே, உங்க பசங்க ரெண்டு பேரும் அந்தப் பாயில புரண்டுதான வளர்ந்தாங்க? அப்ப நீங்க இருக்கிறவரா, இல்லாதவரா?" எல்லோரும் சிரித்தீர்கள். தலைவரும் சிரித்தார். சிரித்து முடித்ததும் தலைவர் சொன்னதற்கே கை தூக்கினீர்கள்! அந்த அறையில் வளர்ந்த பிள்ளைகளின் அப்பாக்கள் தூக்கினீர்கள். அம்மாக்கள் தூக்கினீர்கள். உண்ட வீட்டுக்கு இரண்டகம் என்பது வேறு என்ன?

பிறகு நடந்தது என்ன? வசதி உள்ளவர்கள் வீட்டில் ஆள் வைத்துக்கொண்டார்கள். இல்லாதவர்கள் நிம்மதியாக வந்தார்களா? வருவதை முதலில் நிறுத்தியதே அவர்கள்தான்! "நீ பிச்சை ரூமா?" என்று வகுப்பில் ஒரு பையன் கேட்டான், அது போதுமானதாக இருந்தது. என் வகுப்புச் சிறுமி ஒருத்தி இப்போது காலையில் சைக்கிள் நிறுத்துமிடத்துச் சுவரில் தனியாக உட்கார்ந்திருக்கிறாள். "உள்ள போயி உட்காரலாமே?" என்றேன். "எங்களுக்கு அதெல்லாம் வேணாம் டீச்சர். எங்கப்பா வேலைக்குப் போறாரு" என்றாள்.

விசில் டீச்சர் உறக்கத்தில் போனார். இதயம் நின்றுவிட்டது என்றார் மருத்துவர். உங்கள் கைகள் அவரைக் கொன்றன என்று நான் சொன்னால் அது பொய். ஆனால் சும்மா உட்காரத் தெரியாத அந்த மனுஷி, கடைசி நாட்களில் காலிப் பாயைப் பார்த்துச் சும்மா உட்கார்ந்திருந்தார். "நான் தப்பாட்டம் ஆடுனா பசங்க கையப் பிடிச்சிடுவானுங்க. இத்தனை பெரியவங்க கைய யாரு பிடிக்கிறது?" என்றார். 

அந்தக் கூட்டத்தில் தூக்கிய கைகளில் ஒன்று என் அம்மாவுடையது. தம்பி இங்கே படிப்பதால் அவரும் வந்திருந்தார். வீட்டுக்குப் போய், "உனக்கு எப்படிம்மா மனசு வந்துச்சு?" என்று கத்தினேன். இன்றும் மூன்றாவது வரிசையில் இருக்கிறார். அவர் சம்மதத்தோடுதான் சொல்கிறேன். அன்று பாத்திரம் துலக்கிக்கொண்டே சொன்னார்: "எல்லாரும் தூக்கினாங்கடி. நான் மட்டும் தூக்கலன்னா, நமக்குத்தான் அது தேவைன்னு நெனைக்க மாட்டாங்களா?"

கேட்டீர்களா? தேவை என்று தெரிந்துவிடுமோ என்ற பயத்திலேயே தேவைப்பட்டவள் கை தூக்கினாள்! இந்த அவையில் இன்னும் எத்தனை பேர் அப்படித் தூக்கினீர்கள்? அம்மாவின் மேல் எனக்கு இருந்த கோபம் பாதி தீர்ந்தது. மீதி தீரவில்லை. தீர்ந்தது போல் இந்த மேடையில் நடிக்கவும் மாட்டேன்.

தலைவர் அவர்களே! அறைக்கு அவர் பெயரை வைப்பதாகச் சற்றுமுன் அறிவித்தீர்கள். யாரையும் பிரித்துப் பார்க்காதவரின் பெயரை, பிள்ளைகளைப் பிரித்து வைக்கும் கதவில் மாட்டாதீர்கள். தலைமையாசிரியை அவர்களே! நாளை முதல் அந்த அறையைப் பார்த்துக்கொள்ளும் பொறுப்பை என்னிடம் தந்திருக்கிறீர்கள். நன்றியோடு ஏற்கிறேன். ஆனால் எந்தப் பிள்ளையிடமும் சான்று கேட்க மாட்டேன், யாரிடமும் காசு வாங்க மாட்டேன். என் வேலை இன்னும் நிரந்தரமாகவில்லை என்பது தெரிந்தேதான் இதைச் சொல்கிறேன். விதியை மாற்றுங்கள், இல்லையென்றால் என்னை மாற்றுங்கள்.

அவர் பணியைத் தொடர்வோம் என்று எல்லோரும் உறுதி சொன்னீர்கள். அப்படியானால் வசதி உள்ள வீட்டாரே, உங்களிடம்தான் முதலில் கேட்கிறேன். நன்கொடை வேண்டாம். வீட்டில் ஆள் இருந்தாலும் நாளைக் காலை உங்கள் பிள்ளையைக் கொண்டுவந்து அந்தப் பாயில் உட்கார வையுங்கள். உங்கள் பிள்ளை உள்ளே இருப்பதைப் பார்த்தால்தான், சுவரில் இருக்கும் அந்தச் சிறுமி இறங்கி வருவாள்.