பந்து விழும்வரை

குழிக்கு மூன்றடி தூரத்தில் நின்று பந்தைத் தட்டுவது பார்க்கிறவர்களுக்குச் சுலபமாகத் தெரியும். கோல்ஃபில் ஆளைக் கவிழ்ப்பதே அந்த மூன்றடிதான், ஐயா. பந்து போகிறதா என்று பார்க்கும் அவசரத்தில் தலை நிமிரும். தலை நிமிர்ந்தால் தோள் திரும்பும், பந்து குழியின் ஓரத்தால் போய்விடும். ஆகவே குழியைச் சுற்றி ஆறு பந்துகளை வைத்து ஒவ்வொன்றாகத் தட்டிப் பழக வேண்டும். பந்து உள்ளே விழுகிற சத்தம் காதில் கேட்கும்வரை குனிந்த தலை குனிந்தபடியே இருக்க வேண்டும்.

நானும் றவூபும் குண்டசாலைப் பக்கம், மகாவலி ஆற்றங்கரையிலிருந்த வெள்ளைத் துரைமாரின் மைதானத்தில் அப்படித்தான் பழகினோம். நான் தேயிலைக் கம்பனியில் கிளாக்கர். றவூபுக்குக் கண்டியில் புடவைக் கடை. ஞாயிறு காலையில் துரைமார் தேவாலயத்துக்குப் போகும் நேரம் மட்டும் எங்களுக்கு அனுமதி இருந்தது. முப்பத்து நான்காம் ஆண்டு, உள்ளூர் ஆட்களில் ஒருவரைக் கிளப்பில் சேர்ப்பதென்று அவர்கள் முடிவெடுத்தார்கள். ஒருவரை மட்டும். அதற்காக எங்கள் இருவருக்கும் ஒரு சனிக்கிழமை போட்டி வைத்தார்கள்.

றவூப் ஒரு புதுப் பயிற்சியைக் கொண்டுவந்தார். ஒருவர் பந்தைத் தட்டும்போது மற்றவர் கூச்சல் போட்டுக் கலைக்க வேண்டும். "தேவராசா, காலடியில பாம்பு!" என்பார். "துரை வாறார், ஓடுங்க!" என்பார். ஒருநாள் "ஆத்துல உழுந்திட்டேன்!" என்று கத்தி, ஒரு கல்லையும் தண்ணீரில் போட்டார். நான் திடுக்கிட்டு நிமிர்ந்தேன். அவர் ஈரம் படாமல் கரையில் நின்று சிரித்துக்கொண்டிருந்தார்.

"தலய தூக்கிட்டீங்க தானே. திரும்ப ஒண்டுல இருந்து தொடங்குங்க."

நான் என்ன கத்தினாலும் அவர் நிமிர்ந்ததில்லை. போட்டியில் அவர்தான் வெல்வார் என்பது எனக்குத் தெரியும். நானோ இடம் எனக்குத்தான் என்று கம்பனிக் கந்தோர் முழுக்கச் சொல்லிவிட்டேன். வெள்ளைக் கால்சட்டை கூடத் தைத்தாயிற்று. இதைச் சொல்லவே வெட்கமாக இருக்கிறது. ஆனாலும் பிறகு நடந்ததற்குக் காரணம் இவ்வளவுதான்.

போட்டிக்கு முந்திய ஞாயிறு, மலையில் பெய்த மழையால் ஆறு கலங்கிப் பெருகி ஓடியது. என் முறை. றவூப் கல் பொறுக்கக் கரையோரம் போனார். நான் நாலாவது பந்தைத் தட்டும்போது தண்ணீரில் பெரிய சத்தம் கேட்டது. பிறகு அவர் குரல்.

திடீர் மரண விசாரணையில் உங்களிடம் நடந்ததைச் சொன்னேன். அது பயிற்சிக் கூச்சல் என்று நினைத்ததாகவும், ஆறு பந்தும் முடிந்த பிறகே நிமிர்ந்ததாகவும் சொன்னேன். நீங்கள் நம்பினீர்கள். என் தோளில் தட்டி ஆறுதலும் சொன்னீர்கள். றவூபின் மனைவி ஹிதாயாவும் நம்பினார். நாற்பதாம் நாள் ஓதும் கத்தத்துக்கு என்னை அழைத்திருந்தார்கள். கணவன் இறந்தபின் வெளி ஆண்கள் முன் வராத இத்தாவில் இருந்தபடியால் அவர் திரைக்குப் பின்னாலிருந்துதான் பேசினார்.

"தம்பி, அவர் கடைசியா ஏதும் சொன்னாரா?"

"இல்லை அக்கா. நான் குனிஞ்சபடி நிண்டன். ஒண்டும் விளங்கேல்லை."

"நீங்க மனசப் போட்டு அலட்டிக்காதீங்க. அவர்ட விளையாட்டுப் புத்தி தானே."

அழுகிறார் என்று குரலில் தெரிந்தது. அப்படியிருந்தும் எனக்கு இன்னொரு துண்டு வட்டிலப்பம் வைக்கச் சொன்னார். நான் அதைச் சாப்பிட்டேன். கூசிப் போனேன், ஆனாலும் மிச்சம் வைக்கவில்லை. போட்டி இல்லாமலே கிளப்பில் இடமும் கிடைத்தது. அதையும் ஏற்றுக்கொண்டேன்.

அன்று நீங்கள் எழுதியதைத் திருத்தவே வந்திருக்கிறேன். எனக்கு நீந்தத் தெரியாது என்பது உண்மை. ஆனால் ஆற்றில் விழும் பந்துகளை எடுக்கிற நீள மூங்கில் புல்தரையின் ஓரத்திலேயே கிடந்தது. எனக்கும் அதற்கும் பத்தடி இருக்காது. நான் அதை உங்களிடம் சொல்லவில்லை.

இன்னொன்றையும் சொல்லவில்லை. முதல் சத்தத்திலேயே நான் தலையைத் தூக்கிவிட்டேன். றவூப் ஒரு வேரைப் பிடித்துக்கொண்டு கழுத்தளவு தண்ணீரில் கிடந்தார். நான் அவரைப் பார்த்துவிட்டேன் என்பதை அவரும் கண்டார். உடனே கத்துவதை நிறுத்திவிட்டார். நான் வருகிறேன் என்று நினைத்திருப்பார்.

நான் மறுபடி குனிந்தேன். மிச்சமிருந்த இரண்டு பந்துகளும் நேராகக் குழிக்குள் விழுந்தன.