பழரசம் கொடுக்க ஒரு பிரமுகர் தேவை

— இல்ல பாய், எம்.எல்.ஏ. போனும் ஸ்விட்ச் ஆஃப். காலையிலேர்ந்து அடிச்சுட்டு இருக்கேன்.

— அவரு மெட்ராஸ் போயி டெல்லி ஃப்ளைட்டு ஏறிட்டாரு செயலாளரே. புதுசா பிரதமராவப் போறவருக்குப் பொன்னாட போத்தணுமாம்.

— போத்துவான். கப்பல் வாங்குனதுல ஊழல்னு எவனோ கெளப்பிவிட்டான், நம்ம தலைவரு மானஸ்தன், பிரதமர் பதவியே வேணாம்னு எழுதிக் குடுத்துட்டாரு. அந்த மை கூட இன்னும் காயல. அதுக்குள்ள இவனுக்குப் பொன்னாட.

— நான் பந்தல்காரன், எனக்கு எதுக்கு அரசியல்? சாயங்காலம் உங்க பொண்ணு நிச்சயதார்த்தம். இதே சாமியானா, இதே நாற்காலிதான் உங்க வீட்டு வாசல்ல போடணும். இன்னிக்கு முகூர்த்த நாளு, என்கிட்ட வேற செட்டு இல்ல. நீங்க எழுந்தாதான் நான் கழட்ட முடியும்.

— எழுந்திருக்க மாட்டேன்னா சொல்றேன்? நான் என்ன சொல்ல வர்றேன்னா, "தலைவரின் ராஜினாமாவை ஏற்கக் கூடாது, சாகும்வரை உண்ணாவிரதம், வட்டச் செயலாளர் புருஷோத்தமன்"னு இவ்ளோ பெரிய பேனரு கட்டிட்டு, சும்மா வேட்டிய ஒதறிட்டு எழுந்து போவ முடியுமா? யாராச்சும் பிரமுகர் வரணும். கையப் புடிச்சு, "நாட்டுக்கு நீங்க வேணும்"னு சொல்லணும். ஜூஸ் குடுக்கணும். அதான மொற.

— நானே குடுத்துடறேனே. சாத்துக்குடி பிழிஞ்சு எடுத்தாந்தது நான்தான்.

— நீங்க குடுத்தா அது டெலிவரி, பாய்.

— அது சரி. நேத்து பேனருக்குப் பின்னாடி எங்க வீட்டு இடியாப்பமும் பாயாவும் குடுத்தனே, அதுக்குப் பேரு இன்னா?

— மெதுவாப் பேசுங்க. சிவப்புத் தொப்பி போலீசு நின்னுட்டு இருக்காரு.

— அவருக்கும் குடுத்தேன். காரம் கொஞ்சம் தூக்கலுன்னாரு.

— கொள்கைன்னா இன்னா பாய்? வெளிய தெரியறதுதான் கொள்கை. உள்ள எறங்கறது உடம்பு சமாச்சாரம்.

— தத்துவம் நல்லா இருக்கு. ஆனா எனக்கு நாற்காலி வேணும். மாநிலத் தலைவரக் கூப்புடலாமே?

— கூப்புட்டாச்சு. பெரிய மார்க்கெட்டு எதிர்ல பழைய பேனர்ல நம்ம தலைவரு மூஞ்சி மேல புது மூஞ்சி ஒட்டிட்டு இருக்காரு. ஒடம்பு பழசு, தல புதுசு. "எந்த உண்ணாவிரதம்?"னு என்னையே கேக்குறாரு.

— டெல்லி ஆபீசு?

— அதுக்கும் போட்டேன். இந்தில என்னமோ கேட்டான். பாண்டிச்சேரி, பாண்டிச்சேரின்னேன். பீச்சு பக்கம் ரூமு கெடைக்குமான்னு கேக்குறான்.

— போலீசு கைது பண்ணிக்கினு போயி ஆஸ்பத்திரில குளுகோஸ் ஏத்துனா கௌரவமா முடிஞ்சுடும்ல?

— அதையும் கேட்டாச்சு. மேலேர்ந்து ஆர்டர் வரலங்கறாரு.

— மேல இப்ப யாரு இருக்கான்னு அவருக்கே தெரியாதே. பாவம். சரி, முனை வீட்டு சொல்தா? பிரெஞ்சு பட்டாளத்துல இருந்தவரு. முசியே அந்துவான். மெடல் எல்லாம் வச்சிருக்காரு.

— கேட்டேன் பாய். கோட்டு போட்டுட்டு உடனே வர்றேன்னாரு. அப்புறம்தான் யோசிச்சேன். அவரு பிரான்ஸு குடிமகன். இந்தியாவோட பிரதமருக்காக இருந்த உண்ணாவிரதத்த பிரான்ஸு முடிச்சு வச்சுதுன்னா, நாளைக்குப் பேப்பர்ல அந்நிய சதின்னு போடுவான்.

— சரியாப் போச்சு. தோ, உங்க வீட்டம்மா வருது. படுத்துக்குங்க, படுத்துக்குங்க.

— துண்டக் குடுங்க, துண்ட.

— யோவ், எழுந்திரு. தூங்கறவன எழுப்பலாம், உன்ன எழுப்ப முடியாது. தெரிஞ்சுதான் வந்திருக்கேன்.

— யாரது... கமலவேணியா? கண்ணெல்லாம் மங்கலா இருக்குடி.

— இருக்கும். கண்ணாடிய வீட்டுல வச்சுட்டு வந்துட்ட. இந்தா, போட்டுக்கோ. பாயண்ணே, ஒரு நாற்காலி போடுங்க. வெயில்ல நடந்து வந்தது ஒரு மாதிரியா வருது.

— உக்காரு தங்கச்சி. நல்ல நேரத்துல வந்த. நீயாச்சும் சொல்லு.

— சொல்லத்தான் வந்தேன். சம்பந்தி கோபிநாத் போன் பண்ணாரு. தவளக்குப்பத்துலேர்ந்து வேன் கெளம்பிடுச்சாம். "தட்டு மாத்துறப்ப உங்க வீட்டுக்காரரு வருவாரா, இல்ல அவரு போட்டோவுக்கு மால போட்டு அதுகிட்ட மாத்திக்கட்டுமா"ன்னு கேக்குறாரு.

— அவனுக்கு வாய்க்கொழுப்பு. தலைவரு ராஜினாமா பண்ண அன்னிக்கு தவளக்குப்பம் ஜங்ஷன்ல பத்தாயிரம் வாலா கொளுத்துனவன் அவன்.

— கொளுத்துனாரு. கொளுத்திட்டு அந்தப் பொகையோடயே எனக்குப் போன் பண்ணி, "கட்சி வேற, பொண்ணு வேற, சத்யப்பிரியாதான் என் மருமவ"ன்னாரு. வேணும்னா அவரே வந்து உனக்கு ஜூஸ் குடுக்கறேங்கறாரு.

— எதிர்க்கட்சிக்காரன் கையால குடிச்சா ஊழல ஒத்துக்கிட்ட மாதிரி ஆயிடும்.

— அய்ய, ஊழல் இல்லையா பின்ன? இருவது கப்பல் வாங்குனதா சொல்றாங்க. கடல்ல ஒண்ணு கூட காணோம்.

— நீர்மூழ்கிக் கப்பல்டி அது. மேல எப்புடித் தெரியும்?

— தங்கச்சி, இதுல பாயிண்டு இருக்கு.

— நீங்க சும்மா இருங்க பாயண்ணே. அப்ப உன் தலைவரு நேத்து லண்டனுக்கு வைத்தியம் பாக்கப் போனாரே, அவரும் அதுக்குள்ளாறதான் போனாரா?

— போயிட்டாரா? லண்டனா?

— டிவிய மூடி வச்சுட்டு நீ இங்க உக்காந்திருக்க. அவரு கையாட்டிக்கினு, குடும்பத்தோட, நாய்க்குட்டியோட ஏறிப் போயிட்டாரு. நீ இங்க துண்டப் போத்திக்கினு அவரத் திரும்பி வரச் சொல்ற.

— உடம்பு முடியாமதான் போயிருப்பாரு.

— ஆமா. உன் உடம்புதான் தெம்பா இருக்கு. சாப்புடாதவன் வயிறா இது? கல்யாண வீட்டுப் பந்தியிலேர்ந்து எழுந்து வந்தவன் வயிறு மாதிரி இருக்கு.

— காத்துடி. காலி வயித்துல காத்து பூந்துடும்.

— காத்துல பட்ட, கிராம்பு வாசனை அடிக்குது.

— நான் போயி சாமியானா கயித்த லூஸ் பண்ணிட்டு வர்றேன்.

— நில்லுங்க பாயண்ணே. இதுல உங்களுக்கும் பங்கு உண்டு. தோ பாருய்யா, ஒண்ணே ஒண்ணு சொல்றேன். சத்யா புடவை கட்டிக்கினு ரூமுக்குள்ள உக்காந்து அழுதுக்கினு இருக்குது. அப்பா வராம நான் வெளிய வர மாட்டேங்குது. தவளக்குப்பத்துக்காரங்க வந்து பாத்துட்டு, இதுங்க வீட்டுல இன்னா கூத்துன்னு திரும்பிப் போனா, அப்புறம் அந்தப் பொண்ணு மூஞ்சில நான் முழிக்க முடியுமா, நீ முழிக்க முடியுமா? நாட்டுக்கு வேற ஆளு கெடைப்பான்யா. அதுக்கு அப்பன் நீ ஒருத்தன்தான்.

— எனக்கு மட்டும் தெரியாதா?

— தெரிஞ்சா எழுந்து வா.

— அப்புடி இல்ல கமலவேணி. நான் சொல்றத கேளு. கொள்கைய விடு. இத்தினி வருஷமா சுவரு சுவரா போஸ்டர் ஒட்டுனவன் நான். பசை வாளியத் தூக்கித் தூக்கியே தோளு ஒரு பக்கம் எறங்கிப்போச்சு. அந்தாளு போறேன்னதும், அவரால வாழ்ந்தவன் ஒருத்தன் கூட, ஒரு பய கூட, ஐயோன்னு சொல்லல. எனக்கு மனசு தாங்கல. நானாச்சும் சொல்லுவோம்னு வந்து உக்காந்தேன். டிவிக்காரன் மைக்க நீட்டுனான், உயிரே போனாலும்னு சொல்லிட்டேன். உக்காரத் தெரிஞ்சுது. எழுந்திருக்கத்தான் வழி தெரியல.

— அது எனக்குத் தெரியும். அதனாலதான் மொத நாளே வந்து சட்டையப் புடிச்சு இழுக்காம இருந்தேன்.

— செயலாளரே, எனக்கு ஒண்ணு தோணுது. தங்கச்சியே ஜூஸ் குடுத்தா இன்னா?

— பொண்டாட்டி கையால குடிச்சா அது உண்ணாவிரதம் இல்ல பாய், சஷ்டி விரதம்.

— பொண்டாட்டியாக் குடுத்தா தப்பு. பதவியோட குடுத்தா? உங்க வட்டத்துல மகளிரணி யாரு?

— அஞ்சலாட்சி. நேத்து அந்தப் பக்கம் போயிடுச்சு.

— அப்ப எடம் காலியா இருக்குல்ல.

— பாய், நீங்க பந்தல்காரரே இல்ல. நீங்க எங்கயோ இருக்க வேண்டிய ஆளு. கமலவேணி, நேரா உக்காரு. வட்டச் செயலாளர்ங்கற முறையில, இந்த நிமிஷத்துலேர்ந்து உன்ன வட்ட மகளிரணித் தலைவியா நியமிக்கிறேன்.

— எனக்கு எதுக்குய்யா அந்தக் கருமம்? எத்தினி பேரு இருக்காங்க உங்க மகளிரணியில?

— நீதான்.

— இன்னா வேல?

— தொண்டு.

— அத வீட்டுலயே பண்ணிக்கினு இருக்கேன்.

— கட்சி ரீதியாப் பண்ணப் போற. அவ்ளோதான் வித்தியாசம். பாய், போனு ரெடி பண்ணுங்க. போட்டோவுல பேனரு விழணும். போலீசு விழ வேணாம்.

— அவரே ஒதுங்கிக்கினாரு. செயலாளரே, கொஞ்சம் சோர்வா சாஞ்சுக்குங்க. இவ்ளோ தெம்பா இருந்தா எவன் நம்புவான்? வயித்த உள்ள இழுங்க. இன்னும் கொஞ்சம். சரி, எவ்ளோ உள்ள போவுதோ அது போதும்.

— கமலவேணி, நீ இன்னா பண்ற, டம்ளரக் கையில எடுத்து, "நாட்டுக்கு நீங்க வேணும், போராட்டத்தக் கைவிடுங்க"ன்னு சொல்லணும்.

— நாட்டப் பத்தி எனக்குத் தெரியாது. வீட்டுக்கு வேணும். அதச் சொல்லட்டா?

— சரி, அதையே சொல்லு. போட்டோவுல சத்தம் கேக்காது.

— இரு, சத்யா போன் பண்ணுது. சொல்லு கண்ணு. வந்துட்டாங்களா? தெரு முனையிலயா? அப்பா வர்றாருடி. ஆமா, கூட்டியாறேன், சத்தியமா. நீ கண்ண தொடச்சுக்கினு பூவ வச்சுக்கோ. யோவ், வேன் நம்ம தெருவுக்கு வந்துடுச்சாம். வா சீக்கிரம்.

— சீக்கிரம் தங்கச்சி. டம்ளரப் புடி. எனக்கும் நாற்காலி ஏத்தணும், அந்த வண்டிக்காரன் வேற கத்துறான். செயலாளரே, கைய நடுங்குற மாதிரி நீட்டுங்க. தங்கச்சி, கேமராவப் பாரு. நான் மூணு எண்ணுவேன், மூணுல குடுக்கணும். ஒண்ணு. ரெண்டு. இன்னா தங்கச்சி, இன்னா பண்ற நீ?

— கமலவேணி. அடியேய். ஒரே மடக்குல குடிச்சுட்டியேடி. உண்ணாவிரதம் இருந்தவங்க குடிக்க வேண்டிய ஜூஸுடி அது.

— இருந்தவதான்யா குடிச்சேன். உயிரே போனாலும்னு நீ டிவியில சொன்னதுலேர்ந்து எனக்குத்தான் ஒரு வாய் சோறு எறங்கல.