மூச்சு வாங்காத மாப்பிள்ளை

—இந்தக் கட்டில் ஏன் காலியா இருக்கு மேஸ்திரி? உங்க மாப்பிள்ளை எங்க?

—மேல அனுப்பிட்டேன் சிஸ்டர். காலையில போன வண்டியிலயே.

—உச்சிக்கா? நேத்து மத்தியானம்தானே மலைக்கே வந்தாரு. புது ஆளுங்க நாலு நாள் இந்தக் கீழ் முகாம்ல தங்கணும்னு எத்தனை தடவை சொல்லியிருக்கேன்.

—அதெல்லாம் மூச்சு வாங்குறவனுக்கு. நம்மாளு வண்டிய விட்டு இறங்கினாரு, பெட்டியத் தோள்ல போட்டாரு, மேடேறி வந்து "சௌக்கியமா மாமா"ன்னு நிக்கிறாரு. கூட வந்த ரெண்டு பேரு நாய் மாதிரி இரைச்சுக்கிட்டுக் கெடந்தானுங்க. அவனுங்கள நிறுத்தி வச்சுட்டேன்.

—இப்படிப் பாத்துதான் ஆள் பிரிக்கிறீங்களா?

—நான் வந்த காலத்துலேருந்து அப்படித்தான். இரைக்கிறவன் கீழ, இரைக்காதவன் மேல. உச்சியில கரண்டு கோபுரத்துல போல்ட்டு முடுக்க ஆள் வேணாமா?

—நான் மருந்து எடுக்க அடிவாரம் போன நேரம் பாத்து, தலைகீழாப் பிரிச்சு வச்சிருக்கீங்க.

—என்ன சிஸ்டர் சொல்றீங்க?

—காத்து கம்மியான இடத்துக்குப் புதுசா வந்தா உடம்பு கூடுதலா இழுக்கணும். இரைக்கிறவன் உடம்பு அதோட வேலையப் பாக்குது. இரைக்காத உடம்புதான் எனக்குப் பயம். காத்து பத்தலைங்கறது அதுக்கே தெரியல.

—நானும்தான் இரைக்கிறதில்ல.

—நீங்க வருஷக்கணக்கா ஏறி இறங்குறீங்க. வண்டி பாதி மலை ஏறும்போதே உங்க நெஞ்சு ஆழமா இழுக்கப் பழகிடுச்சு. பழகினதால உங்களுக்குத் தெரியல. குனிஞ்சு சட்டைப் பொத்தானைப் பாருங்க.

—அட ஆமா. துருத்தி மாதிரி போயிட்டு வருது.

—முதல் தடவை எப்படி இருந்தீங்க?

—செத்துப் பிழைச்சேன். செவுத்தப் பிடிச்சுக்கிட்டே ரெண்டு நாள் நடந்தேன். வீட்ல சொல்லல.

—வீட்ல என்ன சொன்னீங்க?

—சிங்கம் மாதிரி ஏறினேன்னு. இரைக்கிற பசங்க மாதிரி நடிச்சுக் காட்டுவேன். பொண்ணு விழுந்து விழுந்து சிரிக்கும்.

—சிரிச்சது போதும். வாக்கி டாக்கிய எடுங்க.

—பொண்ணு முழுகாம இருக்கு சிஸ்டர். ஒண்ணும் ஆயிடாதுல்ல?

—முதல்ல தலைவலி, அப்புறம் உளறல், அப்புறம் தூக்கம். தூங்கிட்டா எழுப்புறது கஷ்டம். கூப்பிடுங்க.

—மேல் முகாம், மேல் முகாம். எங்க மாப்பிள்ளை கிட்ட குடு. எங்க போனாரு? கொட்டகைக்குப் பின்னாடியா? தனியா என்ன பண்றாரு? ஓடுடா, ஓடிப் போய்க் குடு.

—பேச்சு குழறுதான்னு கவனிங்க.

—மாப்பிள்ளை, மாமா பேசறேன்.

—சொல்லுங்க... மாமா. நல்லா... இருக்கேன்.

—ஏன் விட்டு விட்டுப் பேசறீங்க?

—அதெல்லாம்... ஒண்ணும்... இல்ல மாமா.

—சிஸ்டர், கேக்குதா? இரைக்குது. நாய் மாதிரி இரைக்குது.

—கேக்குது. கண்ணத் தொடைச்சுக்கோங்க, நல்ல சத்தம் அது. உடனே இறங்கச் சொல்லுங்க.

—மாப்பிள்ளை, அடக்காதீங்க. நல்லா இழுத்து விடுங்க. சிமெண்டு வண்டியிலயே கீழ வந்துடுங்க, இங்க யாரும் சிரிக்க மாட்டாங்க. நேத்து ஏன் என்கிட்ட மறைச்சீங்க?

—உங்க பொண்ணுதான்... மாமா. மூச்சை அடக்கி... வீட்டு மாடிப்படியில ஏற... தினமும் பழக்கி விட்டா. வேற யாரு முன்னாடியும் பரவால்ல... எங்கப்பா முன்னாடி மட்டும்... மூச்சு வாங்கிடாதீங்கன்னா.