சீசாவில் போன ரத்தம்

எண்பதுகளின் தொடக்கம். சமயநல்லூரிலிருந்து மதுரைக்கு வரும் பஸ்ஸில், எனக்கு முன்சீட்டில் ஒரு விவசாயியும், மடியில் பைல் வைத்திருந்த பல்கலைக்கழக ஆராய்ச்சி மாணவரும் இருந்தார்கள்.

“மாப்ள, எங்க ரத்தமெல்லாம் இப்ப எந்த ஊர்ல இருக்கு?” என்று விவசாயி கேட்டதும்தான் நான் காது கொடுத்தேன்.

“வெளிநாட்டுல மாமா. நம்மூர்ல என்ன நோய் இருக்குன்னு பாத்துச் சொல்றேன்னு எங்க யுனிவர்சிட்டிக்கு வந்த வெள்ளக்காரப் புரொபசர் கேட்டாரு. நான் எடுத்துக் குடுத்த அம்புட்டு சீசாவும் பிளேன்ல போயிருச்சு.”

“பாத்துச் சொன்னாரா?”

“கடுதாசி போட்டா பதிலே இல்ல. இப்ப டெல்லி சர்க்கார்ல இருந்து, யாரைக் கேட்டு அனுப்புனீகன்னு எங்களைக் கேக்குறாக.”

“நம்ம பய கேக்குறானேன்னு ஊரே கையை நீட்டுச்சு.”

மாணவர் பைலின் கயிற்றை அவிழ்த்து மறுபடியும் கட்டினார்.

“அது இருக்கட்டும் மாப்ள. உங்க ஆத்தா கையில குத்துனியா?”

காளவாசல் வந்தது. நான் இறங்க வேண்டிய இடம், இறங்கவில்லை. பஸ் கிளம்பியதும் மாணவர் பைலைப் பார்த்தபடியே சொன்னார்.

“இல்ல மாமா. எங்க வீட்டுல யாருகிட்டயும் எடுக்கல.”