பின்னேரக் கையெழுத்து

ஹலோ... ஓம், விரிவுரையாளர் பயிற்சி நிலையம்தான்... ஆ, கிளறன்ஸ் சேரா. நான் புஷ்பராஜ் கதைக்கிறன்... ஓம், உங்கட டிபார்ட்மென்ட்ல இருக்கிற அதே புஷ்பராஜ்தான். சித்திரையில இருந்து இங்கயும் நான்தான் பொறுப்பு. உங்களுக்கு ஒருத்தரும் சொல்லேல்லையா?

...

இருக்கிறன் சேர்... நேரத்துக்குச் சாப்பிடுறன், ஓம், ஓம்... விசயத்தைச் சொல்லுங்க.

ஓம், லிஸ்ட் முன்னாலதான் கிடக்கு. ஆய்வு மேற்பார்வைப் பயிற்சி. வேலை நாளில ஒருத்தருக்கும் நேரமில்ல எண்டு நாலு சனிக்கிழமை வைச்சது. உங்களுக்கு மூண்டு சனி சரி. கடைசிச் சனி காலமைக் கையெழுத்து இருக்கு, பின்னேரக் கையெழுத்து இல்ல. அதாலதான் சர்டிபிகேட் அடிக்கேல்ல.

தங்கச்சியின்ட மகளுக்குக் கலியாண ரெஜிஸ்ட்ரேஷனா... வெள்ளவத்தையில... ஓம், நல்ல விசயம்தான். மத்தியானச் சாப்பாட்டோட வெளிக்கிட்டிட்டீங்க. விளங்குது.

ம்... பேராசிரியர் பதவிக்கு நாளைக்கு நாலு மணியோட விண்ணப்பம் முடியுது... இந்தச் சர்டிபிகேட் மட்டும்தான் குறையுது... இந்த முறை விட்டா ரிட்டையர் ஆகிறதுக்குள்ள திரும்பக் கிடைக்காது. ஓம். விளங்குது.

இல்ல சேர். ஏலாது.

...

ஒரு கையெழுத்துத்தான். எனக்கும் தெரியும்.

தம்பியா? அஞ்சு வருஷமா உங்களுக்குக் கீழ வேலை செய்யிறன். தம்பி எண்டு இண்டைக்குத்தான் கூப்பிடுறீங்க.

...

கோவம் இல்ல. மறந்திட்டீங்க போல, அதான் சொல்லுறன். முந்தின வருஷம் ஆனி மாசம், இன்னும் நிரந்தரமாகாத லெக்சரர்மாரின்ட பயிற்சி, அதில நானும் ஒருத்தன். அப்ப இந்தக் கதிரையில நீங்க இருந்தனீங்க. என்ட மனிசி யூஜினா டெங்கு எண்டு ஆசுபத்திரியில. பன்னிரண்டரைக்கு அவவின்ட அக்கா கோல் எடுத்தா, பிளேட்லெட் இறங்குது, உடன வா எண்டு. நான் வந்து உங்களிட்டக் கேட்டனான்... கேட்டனான் சேர். கதவடியில நிண்டு. பின்னேரக் கையெழுத்து நாலு மணிக்கு, அது இல்லாட்டி முழு நாளும் கணக்கில்ல, நிரந்தர நியமனம் ஒரு வருஷம் பிந்தும் எண்டனீங்க. மனிசியைப் பார்க்க டொக்டர்மார் இருக்கினம்தானே எண்டும் சொன்னனீங்க.

அண்டைக்கு என்ன பாடம் தெரியுமா? நேர முகாமைத்துவம். நீங்கதான் படிப்பிச்சனீங்க.

நாலு மணிக்கு வைச்சனான். வடிவா, முழுப் பேரும் எழுதி. மூண்டு இருபதுக்கே அவ முடிஞ்சிட்டா.

...

ஓம், ஓம். செத்த வீட்டுக்குக் கொட்டாஞ்சேனைக்கு வந்தனீங்க. மலர்வளையம் கொண்டந்தனீங்க. போகேக்க வாசல்ல வைச்சு, அடுத்த சனிக்கு வர ஏலாட்டி ஒரு கடிதம் தாங்க எண்டு கேட்டனீங்க. பெட்டி அப்ப மூடவும் இல்ல.

...

உபவேந்தரிட்டயா? சொல்லுங்க சேர். இந்த விதியை எழுதினது நீங்க. தாளுக்குக் கீழ உங்கட பேர்தான் இருக்கு. அதை மாத்தச் சொல்லி ரெண்டு பேர் கேட்டவை. நான்தான் விடேல்ல.

...

சேர்?... அழுறீங்களா. சரி. தண்ணி குடியுங்க. நான் லைன்ல இருக்கிறன்.

...

ம்... மன்னிப்பு. ஓம். இன்னொருக்காச் சொல்லுங்க சேர், இங்க ஃபேன் சத்தம்... ஓம். இப்ப வடிவாக் கேட்டது.

சர்டிபிகேட்டில கையெழுத்து வைக்க மாட்டன்.

...

என்ன சொன்னீங்க?

...

ஓம். எழும்பிப் போயிருக்கலாம். கதவு பூட்டிக் கிடக்கேல்ல, நீங்க என்னைப் பிடிச்சு வைக்கவும் இல்ல. ஒரு வருஷம் பிந்துறதுக்குப் பயந்துகொண்டு நான்தான் திரும்பப் போய் இருந்தனான். அது எனக்குத் தெரியாதெண்டா நினைக்கிறீங்க?

இல்ல... இல்ல, போனை வைக்காதீங்க. சேர், வைக்காதீங்க, நான் இன்னும் சொல்லி முடிக்கேல்ல... ஹலோ...

ஹலோ.