மூன்றாம் கட்டத்து மின்னல்

சந்தை நாளில் மதகடிப்பட்டு பஸ்ஸில் ஏறுகிறவர்கள் கைக்குட்டை இல்லாமல் ஏறக் கூடாது என்பது என் கருத்து. மாட்டை விற்றுவிட்டு வருகிறவர்கள் கையைக் கழுவாமல் கம்பியைப் பிடிப்பார்கள். அதே கம்பியைத்தான் நாமும் பிடிக்க வேண்டும். நான்கு வருடமாக நான் கைக்குட்டையைச் சுற்றித்தான் பிடித்து வந்திருக்கிறேன். நான் எப்படிப்பட்டவன் என்று முதலில் தெரிந்துகொண்டீர்கள் என்றால், மேடம், மற்றதை எழுதிக்கொள்வது உங்களுக்குச் சுலபமாக இருக்கும்.

என் பெயர் அரிகரன். ஊர் பண்டசோழநல்லூர். அப்பா மணவாளன் நெல்லும் கரும்பும் வைக்கிறார். நான் கல்லூரியில் கம்ப்யூட்டர் சயின்ஸ் கடைசி வருடம் படிக்கிறேன். இதுவரை யாரையும் கை நீட்டி அடித்ததில்லை. சமீனாவை நான் தொட்டதுகூட இல்லை.

சமீனா என் வகுப்பு. கூட்டு ரோட்டில் பாத்திரக்கடை வைத்திருக்கும் ஷேக் மைதீனின் மூத்த மகள். மாணவர்களுக்கான கேம் புரோகிராமிங் போட்டி என்று அறிவிப்பு வந்தபோது எங்கள் பேராசிரியர் பாக்யராஜ் சார்தான் இரண்டு பேரையும் ஒரு குழுவாகப் போட்டார். நாங்களே எழுதிய கேமை புதுச்சேரியில் ஓர் அரங்கில், நடுவர்கள் முன்னால், பெரிய திரையில் ஆடிக்காட்ட வேண்டும். ஜெயித்தால் பெங்களூரில் ஒரு கம்பெனியில் ஆறு மாதப் பயிற்சி, பிறகு வேலை.

கேமின் யோசனை அவளுடையது. ஏரித் தண்ணீரை, மதகுகளைத் திறந்தும் அடைத்தும், வாய்க்கால் வழியாகக் கடைசி வயல்வரை கொண்டுபோய்ச் சேர்க்க வேண்டும். நடுவில் இருக்கிற வயல்காரர்கள் தண்ணீரைத் திருப்பிக்கொள்வார்கள். மூன்றாம் கட்டத்தில் புயல் மழை, கரை உடையாமல் காப்பாற்ற வேண்டும். 'கடைமடை' என்று பெயர் வைத்தாள். விவசாயி வீட்டில் பிறந்த எனக்குத் தோன்றாதது பாத்திரக்கடைக்காரர் மகளுக்குத் தோன்றியிருக்கிறது என்று பாக்யராஜ் சார் வகுப்பில் சொன்னார். எல்லோரும் சிரித்தார்கள். அதை நான் பெரிதாக எடுத்துக்கொள்ளவில்லை.

அவளிடம் எனக்குப் பிடிக்காதது ஒன்றே ஒன்றுதான். சுத்தம் போதாது. கேன்டீனில் பஜ்ஜி தின்ற விரலைத் துப்பட்டாவில் துடைத்துவிட்டு அப்படியே கீபோர்டில் வைப்பாள். யோசிக்கும்போது பேனா மூடியைக் கடிப்பாள். அந்த மூடியில் பல் பதிந்து, எச்சில் காய்ந்து வெள்ளையாக இருக்கும். நான் ஸ்பிரிட்டும் பஞ்சும் பையில் வைத்துக்கொண்டு, அவள் எழுந்து போன பிறகு ஒவ்வொரு எழுத்தாகத் துடைத்துவிட்டுத்தான் உட்காருவேன். மதம், சாதி எல்லாம் நான் பார்ப்பவனில்லை. யாராக இருந்தாலும் துடைத்திருப்பேன்.

ஒரு ஞாயிற்றுக்கிழமை வேலைக்காக அவர்கள் வீட்டுக்குப் போனேன். அவள் அம்மா சபுரா சேமியா கொடுத்தார். கிண்ணத்தின் விளிம்பில் விரல் ரேகை தெரிந்தது. சாப்பிட்டதாகப் பேர் பண்ணினேன். சமீனா உள்ளே லேப்டாப் எடுக்கப் போனபோது சபுரா என் பக்கத்தில் வந்து குரலைத் தாழ்த்தினார்.

"தம்பி, உன்னாண்ட ஒண்ணு சொல்றேன், மனசோட வச்சுக்க. அவளுக்கு வலிப்பு இருக்குபா. லைட்டு மின்னி மின்னி அணைஞ்சா வந்துடும். என் தம்பி நிக்காஹ்ல சீரியல் லைட்ட பாத்துட்டு வுழுந்தா."

"மாத்திரை இல்லையா ஆன்ட்டி?"

"போட்டுகினுதான் இருக்கா. தூக்கம் கெட்டா மாத்திரையும் கேக்காதாம். டாக்டர் சொன்னாரு. வெளிய தெரிஞ்சா நாளைக்கு யாரு கட்டுவாங்க? நீ கூட இருக்கறவன். கொஞ்சம் பாத்துக்கபா."

பார்த்துக்கொள்கிறேன் என்றேன்.

இரண்டு வாரம் கழித்து நானே பார்த்தேன். எங்கள் லேபில் ஒரு ட்யூப் லைட் காலையிலிருந்தே மினுக்கிக்கொண்டிருந்தது. நான் கவனித்தேன். சொல்ல வேண்டும் என்றும் நினைத்தேன், வேறு வேலை வந்துவிட்டது. சாப்பாட்டு நேரத்தில் லேபில் நாங்கள் இரண்டு பேர் மட்டும். அவள் நாற்காலியிலிருந்து சரிந்தாள். கை கால் வெட்டி இழுத்தது. கண் மேலே சொருகிக்கொண்டது. வாயில் நுரை வந்தது, நாக்கைக் கடித்ததால் நுரை இளஞ்சிவப்பாக இருந்தது. பிறகு சுடிதார் நனைந்து தரையில் ஈரம் பரவியது. அந்த வாடை எனக்கு இப்போதும் மூக்கில் இருக்கிறது. ஈரம், தரையில் சார்ஜ் போட்டிருந்த லேப்டாப் பக்கம் வந்தபோது அதை எடுத்து மேசையில் வைத்தேன். அதற்குமேல் என்ன செய்ய முடியும்?

அவளுக்கு நினைவு வந்ததும் முதலில் தரையைத்தான் பார்த்தாள். துப்பட்டாவாலேயே துடைத்தாள்.

"சாரி அரி. யார்கிட்டயும் சொல்லாத."

"சொல்ல மாட்டேன்."

நான் யாரிடமும் சொல்லவில்லை. அன்று குழாயடியில் மூன்று முறை கை கழுவினேன். ஆனால் மறுநாளிலிருந்து அவள் சிரிக்கும்போது, சாப்பிடும்போது, பாக்யராஜ் சார் அவள் தோளைத் தட்டிப் பாராட்டும்போது எல்லாம் எனக்கு அந்த நுரைதான் தெரிந்தது. இவ்வளவு அசிங்கத்தை உள்ளே வைத்துக்கொண்டு ஒருத்தி எல்லோர் முன்னாலும் சுத்தமாக நடமாடுகிறாளே என்று நினைப்பேன். அது ஒருவகை ஏமாற்று என்று உங்களுக்குத் தோன்றவில்லையா?

போட்டிக்கு ஒரு வாரம் இருக்கும்போது படிவம் நிரப்பினோம்.

"அரி, படம், சவுண்டு உன் பேரு. புரோகிராம் என் பேரு. சரியான்னு பாத்துக்க," என்றாள்.

"ரெண்டுலயும் ரெண்டு பேரு பேரையும் போடலாமே."

"நீ எழுதுனது இன்னா இருக்குன்னு சொல்லு. போட்டுடறேன்."

அவள் கேலியாகக் கேட்கவில்லை. படிவத்தின் மேல் பேனாவை வைத்துக்கொண்டு உண்மையாகவே என் பதிலுக்குக் காத்திருந்தாள். மூன்று மாதத்தில் நான் எழுதிக் கொடுத்த எதுவும் சரியாக ஓடியதில்லை. அவள்தான் எடுத்துவிட்டுத் திரும்ப எழுதுவாள். கடைசியில் படங்கள் இருக்கிற பகுதியைத் தவிர வேறெதையும் நான் திறக்க முடியாதபடி செய்துவைத்திருந்தாள். வேலை குழம்பக் கூடாது என்றாள். நான் பஞ்சை எடுத்து மேசையைத் துடைத்தேன். அவள் எழுதி முடித்தாள். பேனா மூடி வாய்க்குப் போயிற்று.

புயல் கட்டத்தில் அவள் மின்னல் வைக்கவில்லை. வானம் மெதுவாக இருண்டு, இடிச் சத்தம் மட்டும் கேட்கும். ஏன் என்று எனக்குத் தெரியும். மின்னல் இல்லாத புயலை நடுவர்கள் என்ன நினைப்பார்கள் என்று யோசித்தேன். கேம் நன்றாக வர வேண்டும் என்ற எண்ணம் எனக்கும் உண்டு. அதனால் மின்னலை நான் எழுதினேன். அவளுடைய பாஸ்வேர்டு தங்கை ஷைஸ்தாவின் பெயரும் பிறந்த வருடமும். போட்டியன்று காலை பஸ்ஸில் உட்கார்ந்து, என் லேப்டாப்பிலிருந்து அவள் பெயரில் கேமுக்குள் போய்ச் சேர்த்தேன். அது எவ்வளவு வேகத்தில் மின்னியது என்பதை வாக்குமூலத்தில் எழுத வேண்டாம். தெரியாதவர்கள் தெரிந்துகொள்ளத் தேவையில்லை.

அதற்கு முந்தின இரண்டு நாளும் அந்தப் பிழை இருக்கிறது, இந்தப் பிழை இருக்கிறது என்று போன் செய்து அவளைத் தூங்கவிடவில்லை. அவளும் முகம் சுளிக்காமல் உட்கார்ந்து பார்த்தாள். அப்படி ஒரு பிழையும் கிடையாது.

அரங்கில் இருநூறு பேர் இருப்பார்கள். சபுராவும் ஷைஸ்தாவும் மூன்றாவது வரிசையில் உட்கார்ந்திருந்தார்கள். சமீனா மேடையில் நின்று ஆடினாள். நான் அவள் லேப்டாப் பக்கத்தில் இருந்தேன். முதல் கட்டம் முடிந்ததும் கை தட்டினார்கள். இரண்டாவதில் கடைசி வயலுக்குத் தண்ணீர் ஏறியபோது ஒரு நடுவர், ரோஸ்லின் என்று பெயர், எழுந்தே நின்றுவிட்டார். மூன்றாவதுக்கு முன்னால், திரை தெளிவாகத் தெரியட்டும் என்று நான் அரங்க விளக்குகளை அணைக்கச் சொன்னேன்.

மின்னல் ஆரம்பித்தது. சமீனா என் பக்கம் திரும்பினாள்.

"அரி, இது இன்னா?"

கண்ணை மூட அவள் கையைத் தூக்கினாள். பாதியில் கை நின்றுவிட்டது. விழும்போது பின்தலை ஒலிபெருக்கி நிறுத்தியிருந்த இரும்புத் தாங்கியில் பட்டது. பட்ட சத்தம் மைக்கில் கேட்டது. கீழே விழுந்தும் இழுப்பு நிற்கவில்லை. அவளுக்கு மேலே அந்தப் பெரிய திரை மின்னிக்கொண்டே இருந்தது.

சபுரா நாற்காலிகளைத் தள்ளிக்கொண்டு ஓடி வந்தார்.

"தம்பி, அந்த லைட்ட நிறுத்துபா. தம்பி, உனக்குத் தெரியுமே, நிறுத்துபா."

ஒரு பொத்தானை அழுத்தியிருந்தால் நின்றிருக்கும். ஏன் அழுத்தவில்லை என்று நீங்கள் கேட்பீர்கள். அது அவள் விரல் பட்ட கீபோர்டு. அன்று காலை நான் அதைத் துடைக்கவில்லை. கடைசியில் யாரோ ஒருவர் ஒயரைப் பிடுங்கினார்.

விளக்குப் போட்டதும் எல்லோரும் பார்த்தார்கள். நுரை, ஈரம், எல்லாம் இருந்தது. நான் அன்று பார்த்ததை இவர்களும் பார்க்கட்டும், பிறகு தெரியும் என்று நினைத்திருந்தேன். ஒருவர்கூட மூக்கைப் பொத்தவில்லை. ரோஸ்லின் தன் பட்டுப் புடவையோடு அந்த ஈரத்திலேயே உட்கார்ந்து அவளை ஒருக்களித்துப் படுக்க வைத்து, முந்தானையால் வாயைத் துடைத்தார். ஷைஸ்தா அக்காவின் செருப்பைக் கழற்றி நெஞ்சோடு வைத்துக்கொண்டு நின்றாள். நான் மேடைக்குப் பின்னால் போய் வாந்தி எடுத்தேன். அதைப் பார்த்த ஒருவர், பாவம், கூடப் படிக்கிற பையன் தாங்க முடியாமல் வாந்தி எடுக்கிறான் என்று எனக்குத் தண்ணீர் கொடுத்தார்.

மூன்றாம் நாள் அவள் ஆஸ்பத்திரியில் இறந்துபோனாள். நினைவு திரும்பவே இல்லை.

முதல் பரிசு எங்களுக்குத்தான். மேடைக்கு நான்தான் போனேன். உங்கள் ஸ்டேஷனிலிருந்து வந்தவர்கள் விபத்து என்று எழுதிக்கொண்டு போனார்கள். என்னைக் கேட்டபோது எதுவும் தெரியாது என்றேன். என்னை யாரும் சந்தேகப்படவில்லை, மேடம். சபுரா ஒருத்தர்தான் என்னைப் பார்த்தால் பார்வையை எடுக்காமல் பார்த்துக்கொண்டே இருப்பார். அவரும் வாயைத் திறந்து எதுவும் கேட்கவில்லை. நான் சும்மா இருந்திருந்தால் அடுத்த மாதம் பெங்களூர் போயிருப்பேன்.

நேற்று கல்லூரியில் அவளுக்கு அஞ்சலிக் கூட்டம் வைத்தார்கள். பாக்யராஜ் சார் பேசினார். கணினிப் பதிவுகளை எல்லாம் பார்த்தாராம். "தனக்கு ஆபத்துன்னு தெரிஞ்சும், கேம் நல்லா வரணும்னு போட்டி அன்னிக்குக் காலையில அந்த மின்னல அவளே எழுதியிருக்கா. எவ்ளோ சுத்தமான வேலை தெரியுமா? நான் இத்தினி வருஷமா பாடம் நடத்தறேன், ஒரு ஸ்டூடன்ட் இப்பிடி எழுதிப் பாத்ததில்ல," என்றார். ஷேக் மைதீன் முன்வரிசையில் உட்கார்ந்து, "உனக்கு எதுக்குமா அந்த மின்னலு," என்று அழுதார். அடுத்த வருடத்திலிருந்து நல்ல புரோகிராமுக்கு அவள் பெயரில் பரிசு கொடுக்கப் போகிறார்களாம். சுவரில் அவள் படம். பக்கத்தில் அந்த மின்னலைப் பெரிதாக அச்சடித்து, கீழே அவள் பெயரைப் போட்டிருந்தார்கள்.

என்னால் அங்கே உட்கார முடியவில்லை. அப்படியொரு அருவருப்பு. ஒருவர் செய்ததை இன்னொருவர் பெயரில் போடுவது எவ்வளவு கேவலம்.

அதனால்தான் யாரும் கூப்பிடாமல் நானே வந்தேன். இது என் லேப்டாப். நான் எழுதியதெல்லாம் தேதி, நேரத்தோடு இதில் இருக்கிறது. பாக்யராஜ் சாரையே வரவழைத்துக் காட்டுங்கள். வேண்டுமென்றுதான் செய்தேன், இழுப்பு வரும் என்று தெரிந்துதான் செய்தேன், நிறுத்தச் சொல்லியும் நிறுத்தவில்லை. எல்லாவற்றையும் எழுதிக்கொள்ளுங்கள், கையெழுத்துப் போடுகிறேன். அந்தச் சுவரில் இருக்கிற பெயரை மட்டும் மாற்றச் சொல்லுங்கள். நான் எழுதியதில் முதல் தடவையிலேயே ஒரு பிழையும் இல்லாமல் ஓடியது அது ஒன்றுதான், மேடம்.